ஒரு ஜிபியில் ஒண்டுக்குடித்தனம்

பால் குளிரூட்டும் நிலையத்தின் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, மெமரி கார்டு, சிம் போட்ட மோடம், திருகி முடுக்கிய இரண்டு கம்பிகள். தொட்டியின் வெப்பநிலை, கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரம், கதவு திறந்திருக்கிறதா என்ற செய்தி எல்லாம் அந்தக் கம்பிகள் வழியே மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறையில் வந்து சேரும். பெட்டி அவற்றைப் படிக்க வேண்டும். அளவு எல்லை தாண்டினால் அங்கேயே மணி அடிக்க வேண்டும். சிக்னல் போன நேரத்தில் சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்ப வேண்டும். எட்ஜ் கம்ப்யூட்டிங் என்ற பெரிய பெயருக்குக் கீழே அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இந்த வேலைதான்.

இதற்கே நாலைந்து நிரல்கள் வேண்டும். சென்சாரைப் படிக்கும் நிரலை ஒருவர் பைத்தானில் எழுதியிருப்பார். செய்திகளைக் கைமாற்றும் எம்க்யூடிடி புரோக்கர் வேறொருவர் சி மொழியில் எழுதியது. சிறு தரவுத்தளம் ஒன்று, கிளவுடுக்கு அனுப்பும் நிரல் ஒன்று, எச்சரிக்கை கொடுக்கும் நிரல் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே லினக்ஸில் நேரடியாக நிறுவினால் முதல் நாள் நன்றாகவே ஓடும். ஆறு மாதம் கழித்து ஒன்றைப் புதுப்பிக்கும்போதுதான் தலைவலி தொடங்கும். அது கேட்கும் லைப்ரரியின் புதிய பதிப்பு பக்கத்து நிரலுக்கு ஒத்துக்கொள்ளாது. அலுவலக மேசையில் என்றால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பெட்டியோ இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் அருகில் இருப்பவருக்குப் பால் தெரியும், லினக்ஸ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இலகுவான மெய்நிகராக்கம் எட்ஜுக்கு வந்த காரணம் இந்தத் தூரம்தான். கிளவுடில் மெய்நிகராக்கம் என்பது ஒரு பெரிய சர்வரைப் பலருக்குப் பங்கிட்டு வாடகைக்கு விடும் வழி. எட்ஜில் பங்கிட ஒன்றும் பெரிதாக இல்லை. அங்கே அதன் வேலை, ஆள் போகாமல் ஒரு நிரலை மாற்றுவது. மாற்றும்போது பக்கத்து நிரலைத் தொடாமல் இருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டால், ‘இலகு’ என்பதை எந்தத் தராசில் நிறுக்க வேண்டும் என்பதும் மாறிவிடும்.

எட்ஜில் மெய்நிகராக்கம் என்ற யோசனை விர்ச்சுவல் மெஷினில்தான் தொடங்கியது. 2009இல் மகாதேவ் சத்யநாராயணன் மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘கிளவுட்லெட்’ பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ, கோடா கோப்பு முறைமைகளை உருவாக்கியவர் அவர். தொலைவில் உள்ள கிளவுடுக்கு ஓடாமல், பயனருக்கு அருகிலேயே ஒரு சிறு கணினி நிலையம் இருக்கட்டும், தேவையான மென்பொருள் விர்ச்சுவல் மெஷினாக அதில் வந்து இறங்கட்டும் என்பது அந்தக் கட்டுரையின் கருத்து. 2012இல் சிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் ‘ஃபாக் கம்ப்யூட்டிங்’ என்ற பெயரில் இதே திசையில், சென்சார்களை முன்வைத்து எழுதினார்கள். யோசனை சரி. ஆனால் 1 ஜிபி ராம் கொண்ட போர்டில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களை ஏற்ற இடம் ஏது?

விர்ச்சுவல் மெஷின் தனி வீடு. தனிக் கிணறு, தனி மீட்டர், தனி வாசல் என்று ஒவ்வொன்றும் தனக்கென முழு இயங்குதளத்தையும் அதன் மையமான கர்னலையும் சுமக்கும். கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். குடும்பத்துக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, கிணறு மட்டும் பொது. அந்தப் பொதுக் கிணறுதான் கர்னல்.

உண்மையில் லினக்ஸ் கர்னலுக்குள் கன்டெய்னர் என்று ஒரு பொருள் கிடையாது. இரண்டு வசதிகள் சேர்ந்து அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. ஒரு நிரல் எதையெல்லாம் பார்க்கலாம் என்று வரையறுப்பது நேம்ஸ்பேஸ். எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று வரையறுப்பது சிகுரூப். முதல் நேம்ஸ்பேஸ் 2002இல் லினக்ஸுக்கு வந்தது. சிகுரூப்பை 2006இல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் அது இடம்பெற்றது. அதற்கும் முன்னோடிகள் உண்டு. யூனிக்ஸின் சிரூட் 1979இல் பிறந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில் 2000இல் வந்தது. 2013 மார்ச்சில் டாக்கர் என்ற கருவியை அறிமுகப்படுத்திய சாலமன் ஹைக்ஸின் குழு இந்தப் பழைய சரக்கையே எளிதில் கட்டி, அனுப்பி, பிரிக்கும்படி செய்தது. அனுப்ப முடிந்ததுதான் பெரிய மாற்றம்.

டாக்கர் அப்போது இன்டெல் வகைச் செயலிகளுக்கானது. லண்டனில் ரெசின் என்ற சிறு நிறுவனம் அதே 2013இல் அதை ராஸ்பெர்ரி பை என்ற சிறு போர்டின் ஏஆர்எம் செயலிக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் பலேனா. அன்றைய ராஸ்பெர்ரி பையில் ஒரே ஒரு கோர். முதலில் வந்த போர்டுகளில் 256 எம்பி ராம்தான். அதில் கன்டெய்னர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, தூரத்தில் உள்ள ஆயிரம் போர்டுகளை ஒரே கட்டளையில் புதுப்பிக்க என்று பதில் இருந்தது. 2017இல் ராபர்ட்டோ மொராபிட்டோ, ராஸ்பெர்ரி பை, ஓட்ராய்டு வகைப் போர்டுகளை வரிசையாக வைத்து அளந்து ஐஇஇஇ ஆக்சஸ் இதழில் எழுதினார். நேரடியாக ஓடும் நிரலுக்கும் கன்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம், பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியது என்று தெரிந்தது.

ஆகவே செயலியைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. கன்டெய்னர் இலகுதான். ஆனால் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் கவலைப்படும் எடைகள் வேறு: ராம், கார்டு, நெட்வொர்க், கடிகாரம்.

முதலில் ராம். ஒரு கன்டெய்னருக்கு 100 எம்பிக்கு மேல் கொடுக்காதே என்று டாக்கரிடம் சொல்லலாம். ராஸ்பெர்ரி பையில் புதிதாக நிறுவிய லினக்ஸில் அப்படிச் சொன்னால், கர்னலில் அந்த வசதி இயங்கவில்லை, வரம்பைக் கைவிடுகிறேன் என்று ஒரே ஒரு வரி எச்சரிக்கை ஓடி மறையும். கன்டெய்னர் எந்த வரம்பும் இல்லாமல் ஓடத் தொடங்கும். காரணம், அந்த இயங்குதளத்தில் ராமைக் கண்காணிக்கும் சிகுரூப் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பூட் பகுதியில் உள்ள சிஎம்டிலைன் என்ற கோப்பில் இரண்டு சொற்களைச் சேர்த்து மறுபடி பூட் செய்தால்தான் அது விழிக்கும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரி. புதிய சொற்களையும் அதே வரியின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அடுத்த வரியில் எழுதினால் கர்னல் அதைப் படிக்காது. வரம்பு இயங்கத் தொடங்கிய பிறகு, பேராசை கொண்ட நிரல் 137 என்ற எண்ணோடு சாகும். 128உடன் கொலைச் சிக்னலின் எண் 9ஐக் கூட்டினால் வருவது அது. பதிவேட்டில் 137ஐப் பார்த்ததுமே அனுபவமுள்ள கை வரம்புகளின் பட்டியலைத்தான் முதலில் திறக்கும்.

அடுத்தது கார்டு. டாக்கர் தன் வழக்கப்படி, நிரல் திரையில் அச்சிடும் ஒவ்வொரு வரியையும் ஒரு ஜேசன் கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்புக்கு அளவு வரம்பு எதுவும் தானாக வராது. நொடிக்கு ஒரு வரி, வரிக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 17 எம்பி, வருடத்துக்கு 6 ஜிபிக்கு மேல். 8 ஜிபி கார்டில் இயங்குதளத்துக்கும், கன்டெய்னர்களாக ஓடும் பொதிகளான இமேஜ்களுக்கும் போக மிச்சமிருக்கும் இடம் வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். சர்வர் அறையில் இது ஒரு தூசு. சுவர்ப் பெட்டியில் இது ஒரு பயணம், ஒரு நாள் கூலி, அன்றைய பாலின் கதி. பெட்டியைப் பூட்டுவதற்கு முன் லாக் அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் நிர்ணயித்துவிடுவது கைப்பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். இதோடு ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அதன் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு முறைமையே சிதையலாம். அதனால் தற்காலிகக் கோப்புகளை ராமில் வைப்பார்கள். இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்று பூட்டுவார்கள். எழுதியே தீர வேண்டிய தரவுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவார்கள்.

நெட்வொர்க்கில் கைவண்ணம் இன்னும் தெளிவாகத் தெரியும். டாக்கர் இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுவது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேல் உள்ள எல்லா அடுக்குகளும் புதிதாகக் கட்டப்படும், புதிதாகவே இறங்கும். எனவே இமேஜைக் கட்டும் குறிப்பான டாக்கர்ஃபைலில் வரிகளின் வரிசைதான் மாதாந்திர டேட்டா செலவைத் தீர்மானிக்கிறது. எப்போதாவது மாறும் லைப்ரரிகள் முதல் வரிகளில், அதாவது கீழ் அடுக்குகளில்; அடிக்கடி மாறும் சொந்த நிரல் கடைசி வரியில். இந்த வரிசை சரியாக இருந்தால் ஒரு பிழைத்திருத்தம் சில கிலோபைட்டில் முடியும். தலைகீழாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் பல பத்து எம்பி. அடித்தளமாக ஆல்பைன் லினக்ஸைத் தேர்ந்தால் அது 5 எம்பி அளவில் அடங்கும். பலேனா இன்னும் ஒரு படி போய், பழைய இமேஜுக்கும் புதிய இமேஜுக்கும் பைட் அளவில் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பும் முறையைத் தன் எஞ்சினில் சேர்த்தது. 2ஜி சிக்னலில் தொங்கும் பெட்டிக்கு இந்த முறை பெரிய வரம்.

கடிகாரம் பலர் எதிர்பார்க்காத இடம். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5க்கு முந்தைய மாடல்கள் எதிலும் மணி காட்டும் தனிச் சுற்று கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகக் கார்டில் குறித்து வைத்த நேரத்திலிருந்து போர்டு தொடங்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும் முன் ஒரு கன்டெய்னர் கிளவுடோடு பாதுகாப்பான இணைப்புக்கு முயன்றால், கிளவுடின் சான்றிதழுக்குச் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லி இணைப்பு மறுக்கப்படலாம். சான்றிதழில் குற்றமே இல்லை. போர்டுதான் பழைய காலத்தில் நிற்கிறது. நேரம் சரியாகும் வரை மற்ற கன்டெய்னர்களைக் காக்க வைப்பது எளிய மருந்து.

கடிகாரத்தை வைத்தே இன்னொரு பாடமும் உண்டு. 2021 ஜனவரியில் ஆல்பைன் 3.13 வெளிவந்தது. அதில் உள்ள மஸ்ல் என்ற சி லைப்ரரி, 32 பிட் செயலிகளிலும் நேரத்தை 64 பிட்டில் எண்ணும் முறைக்கு மாறியிருந்தது. 2038இல் 32 பிட் எண்ணிக்கை நிரம்பி வழியப் போவதால் இந்த மாற்றம் அவசியமானதே. ஆனால் ராஸ்பெர்ரி பைக்கான பழைய ராஸ்பியன் பஸ்டர் இயங்குதளத்தில், கன்டெய்னர்கள் கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று வடிகட்டும் லிப்செக்காம்ப் பழைய பதிப்பு. நேரம் கேட்கும் புதிய அழைப்பு அதற்குத் தெரியாது. ‘அப்படி ஓர் அழைப்பு இல்லை’ என்று சொல்லியிருந்தால் மஸ்ல் பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். வடிகட்டி சொன்னதோ ‘அனுமதி இல்லை’ என்று. விளைவு, வெளியே மணி சரியாக ஓடிக்கொண்டிருக்க, கன்டெய்னருக்குள் மட்டும் நேரம் குளறுபடி. லிப்செக்காம்பை 2.4.2க்கோ அதற்கு மேலோ உயர்த்தி, டாக்கரையும் புதுப்பித்தால்தான் தீரும். கன்டெய்னர் தனக்கு வேண்டியதை எல்லாம் தன்னோடு எடுத்துவருகிறது என்பது பாதி உண்மைதான். கர்னலும் அதன் வாசற்காவலும் வீட்டுக்காரருடையவை. இமேஜைப் புதுப்பிக்கத் திட்டம் வைத்திருப்பவர் கீழே உள்ள இயங்குதளத்தைப் புதுப்பிக்கவும் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

செயலி வேறுபாடும் இதே இனச் சிக்கல். மடிக்கணினியில் கட்டிய இமேஜை அப்படியே போர்டில் ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற ஒற்றை வரி வரும். இன்டெல் செயலிக்குக் கட்டியது ஏஆர்எம்மில் ஓடாது. இதற்கு டாக்கர் பில்ட்எக்ஸ் போன்ற கருவிகள் வந்துவிட்டன. ஒரே பெயரில் பல செயலிகளுக்கான இமேஜ்களைச் சேர்த்து வைக்கலாம். ஏஆர்எம்முக்கு உள்ளேயே தலைமுறை வேறுபாடு இருப்பதுதான் வில்லங்கம். முதல் ராஸ்பெர்ரி பையும் முதல் பை ஜீரோவும் ஏஆர்எம்வி6; பை 2 ஏஆர்எம்வி7. பின்னதற்குக் கட்டியது முன்னதில் தொடங்கிய கணத்திலேயே விழும்.

சென்சாரைத் தொடும் கன்டெய்னருக்கு வன்பொருள் வேண்டும். அதற்கு இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழி ‘பிரிவிலெஜ்டு’ என்ற ஒரு சொல். அதைப் போட்டதும் எல்லாம் ஓடும். எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டதால்தான் ஓடுகிறது. 2019 பிப்ரவரியில் வெளியான ரன்சி ஓட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடும் தீய நிரல், கன்டெய்னரை இயக்கும் ரன்சி கோப்பையே வெளியே போய்த் திருத்திவிட அது வழிவிட்டது. கதவு மூடியிருந்தும் அப்படி நடக்கக்கூடியது என்றால், நாமே திறந்து வைப்பதற்கு என்ன சமாதானம்? எந்த சீரியல் போர்ட் வேண்டுமோ அதை மட்டும் பெயர் சொல்லிக் கொடுப்பதே முறை. அந்தப் பெயரிலும் கவனம் தேவை. இரண்டு யூஎஸ்பி கருவிகள் இருந்தால் பூஜ்யம், ஒன்று என்ற எண்கள் மறுபூட்டில் இடம் மாறலாம். கருவியின் அடையாள எண்ணைக் கொண்ட நிலையான பெயரைப் பயன்படுத்தினால் வெப்பநிலை சென்சாரின் இடத்தில் மின்சார மீட்டர் வந்து உட்காராது.

பதிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்க்யூடிடி 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது. ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்தார்கள். அதற்குப் பரவலாகப் பயன்படும் புரோக்கர் மொஸ்கிட்டோ. 2020 டிசம்பரில் வந்த அதன் 2.0 பதிப்பு, பாதுகாப்புக்காக ஒரு நல்ல முடிவை எடுத்தது: யாரை அனுமதிப்பது என்று வெளிப்படையாக எழுதி வைக்காவிட்டால், அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். கன்டெய்னருக்குள் ‘அதே கணினி’ என்றால் அந்த ஒரு கன்டெய்னர்தான். பக்கத்து அறை நிரல்கூட வெளியாள். ‘லேட்டஸ்ட்’ என்ற பெயரில் இமேஜை இழுக்கும் பெட்டிகளில் ஒரு வரிகூட மாற்றாமலே தரவு நின்றுபோக இது போதும். பதிப்பு எண்ணை, முடிந்தால் இமேஜின் ஹேஷையே எழுதிப் பூட்டிவிட வேண்டும் என்று இந்தத் தொழிலில் வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

இன்னொன்று, நிரல் செத்தால் மீண்டும் எழுப்பும்படி டாக்கரிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் சீரியல் போர்ட்டின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு உறைந்துபோன நிரல் சாகவில்லை. ஹெல்த்செக் என்ற சோதனையை வைத்தால், டாக்கர் அந்தக் கன்டெய்னரை ‘நலமில்லை’ என்று குறிக்கும். குறிப்பதோடு சரி, தனித்து ஓடும் டாக்கர் அதை மறுபடி தொடங்காது. அதற்கு வெளியே ஒரு காவல் வேண்டும். அந்தக் காவலும் உறைந்தால்? ராஸ்பெர்ரி பையின் சிப்பிலேயே உள்ள வாட்ச்டாகுக்குச் சுமார் 15 நொடிக்குள் யாராவது குரல் கொடுக்காவிட்டால் அது போர்டையே மறுபூட் செய்யும். நிரல், கன்டெய்னர், இயங்குதளம், சிப் என்று நான்கு மட்டத்திலும் காவல் வைத்த பெட்டியைத்தான் நம்பிச் சுவரில் மாட்டலாம்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்கு அமெரிக்க உணவகச் சங்கிலியான சிக்-ஃபில்-ஏ நல்ல உதாரணம். 2018இல் அதன் பொறியாளர்கள் எழுதியபடி, சுமார் 2000 உணவகங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று இன்டெல் நக் சிறு கணினிகளைச் சேர்த்து, பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை ஓட்டினார்கள். பொரிக்கும் இயந்திரங்கள் உள்ளிட்ட சமையலறைக் கருவிகளின் தரவு அங்கேயே சேர்ந்தது. கடைக்கு ஒரு கணினி ஆள் வைக்க முடியாது. அதனால் ஒரு கணினி விழுந்தாலும் வேலை நிற்காத அமைப்பையும், தொலைவிலிருந்தே கணினியைத் துடைத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வசதியையும் முதலிலேயே கட்டினார்கள். பின்னர் எட்ஜுக்கென மெலிந்த குபர்நெட்டிஸ் வடிவமான கே3எஸ்ஸைப் பயன்படுத்தினார்கள். 2019 பிப்ரவரியில் ரான்ச்சர் லேப்ஸ் வெளியிட்ட கே3எஸ், 40 எம்பிக்குள் ஒரே கோப்பாக வந்தது. குபர்நெட்டிஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எட்சிடி தரவுத்தளத்துக்குப் பதிலாக எஸ்க்யூலைட்டையும் ஏற்றது. 512 எம்பி ராம் போதும் என்றது. மூன்று கணினிகள் உள்ள இடத்தில் இது பொருத்தம். 1 ஜிபி உள்ள ஒற்றைப் பெட்டியில் பாதி ராமை நிர்வாகத்துக்கே கொடுப்பது நியாயமில்லை. அங்கே டாக்கர் கம்போஸும் சிஸ்டம்டியும் போதும்.

யாருடைய நிரல் ஓடுகிறது என்பதைப் பொறுத்துச் சுவரின் கனமும் மாற வேண்டும். வெளியாரின் நிரலுக்குப் பெட்டியில் இடம் கொடுத்தால் பொதுக் கர்னல் போதாது. மெலிந்த விர்ச்சுவல் மெஷின்கள் அதற்குத்தான். கேம்பிரிட்ஜில் வளர்ந்த மிராஜ்ஓஎஸ், நிரலையும் அதற்கு வேண்டிய இயங்குதளத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டும் யூனிகர்னல் வழியைக் காட்டியது. 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், 125 மில்லிநொடிக்குள் தொடங்கி, மெஷினுக்கு 5 எம்பிக்கும் குறைவான கூடுதல் ராமோடு ஓடும். தனி வீட்டின் பாதுகாப்பு ஏறக்குறைய குடித்தன வாடகையிலேயே கிடைக்கிறது.

இதுவரை சொன்ன எதுவும் லினக்ஸ் ஓடாத இடத்தில் உதவாது. சென்சாரின் உள்ளேயே உட்காரும் இஎஸ்பி32 போன்ற சிப்பில் ராம் மொத்தமே 520 கிலோபைட். ஒரு நிரலின் நினைவகத்தை மற்றொன்றிடமிருந்து பிரித்துக் காக்கும், லினக்ஸ் எதிர்பார்க்கும் எம்எம்யூ சுற்று அதில் இல்லை. அங்கே அந்தச் சுவரை மென்பொருளிலேயே எழுப்புகிறது வெப்அசெம்ப்ளி. உலாவிகளுக்காகப் பிறந்து, 2019 டிசம்பரில் டபிள்யூ3சியின் தரமாக ஏற்கப்பட்ட அது, வாம்ர், வாஸம்3 போன்ற சிறு இயக்கிகள் வழியாக இந்தச் சிப்களிலும் ஓடுகிறது. நிரல் தனக்குத் தரப்பட்ட நினைவகத்துக்கு வெளியே கைநீட்ட முடியாது. ஏஆர்எம்மா வேறு செயலியா என்ற கேள்வியும் எழாது. சிக்கல் அளவில் இருக்கிறது. வெப்அசெம்ப்ளி நினைவகத்தை 64 கிலோபைட் பக்கங்களாகத்தான் கேட்கும். வைஃபை வேலைகளுக்குப் போக மிஞ்சும் ராமில் அப்படி ஒரு பக்கமே பெரிய துண்டு. பக்க அளவை நிரலே குறைத்துக்கொள்ள வழிசெய்யும் முன்மொழிவு ஒன்று அந்தத் தரத்துக்கு வந்திருக்கிறது. அது நிலைபெற்றால், தொட்டிக்குள் தொங்கும் சென்சாரின் அளவீட்டுக் கணக்கைத் திருத்த ஃபர்ம்வேர் முழுவதையும் அனுப்ப வேண்டியிருக்காது, சில கிலோபைட் போதும். ஒரு தடவைக்கு மிகச் சில பைட்டுகளே அனுப்ப முடிகிற லோரா போன்ற ரேடியோவில் அந்த வித்தியாசம்தான், ஒரு சென்சாரைப் புதுப்பிக்க முடியுமா முடியாதா என்பதையே முடிவு செய்யும்.